இருட்டில் வைத்த அவரை

ஜூலை 2

பிரியமுள்ள அக்காவுக்கு,

நலம். நீ எப்போதும் இரண்டு வரிதான் எழுதுகிறாய். நூல் தீர்ந்த தையல் மாதிரி பாதியில் நிற்கிறது.

இந்தக் கான்வென்ட் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நாற்பது பிள்ளைகள். என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டுவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை மதர் வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். அதைப் பார்த்துத்தான் என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவெடுப்பார்.

இரண்டு டம்ளர்களில் ஈரப் பஞ்சு வைத்து அவரை விதை போட்டிருக்கிறோம். ஒன்று ஜன்னலில், இன்னொன்று சாக்பீஸ் அலமாரிக்குள். இருட்டில் வளர்வது மஞ்சளாக வெளிறிப்போகும். மதருக்கு அதைக் காட்டப்போகிறேன்.

உன் தங்கை


ஜூலை 6

வாயில்லாப் பூச்சிக்கு,

நாளெல்லாம் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்த கைக்கு இரண்டு வரியே அதிகம். வாத்தியார் கேள்வி கேட்டால் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தவள் நீ. இன்று நீயே டீச்சர். நம் வீட்டில் முதல் டிகிரி. மதர் என்ன கடித்தா தின்பார்? சத்தமாகப் பேசு.

அது நிஜமாகவே மஞ்சளாகுமா? நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு இதையெல்லாம் யாரும் காட்டவில்லை.

அக்கா


ஜூலை 12

பிரியமுள்ள அக்காவுக்கு,

நேற்று மதர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அலமாரியைத் திறந்தேன். செடி பச்சைப் பசேலென்று இருந்தது.

"டீச்சர், அற்புதம்! தினமும் காலை ஜெபத்துல அதுக்காக வேண்டிக்கிட்டோம்" என்று பிள்ளைகள் கூவினார்கள்.

ஆமாம் என்றால் பாடம் பொய். இல்லை என்றால் மதர் என்ன நினைப்பார்? கடைசியில், "அலமாரிக்குள்ள வெளிச்சம் எப்படிப் போயிருக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

சாக்பீஸ் எடுத்துத் தருகிற குட்டி எழுந்தாள். தினமும் காலையில் டம்ளரை வராந்தாவில் வைத்துவிட்டு, சாயங்காலம் உள்ளே வைத்திருக்கிறாள்.

"பாவம், இருட்டுல தனியா இருக்குன்னுதானே ஜெபம் பண்ணோம்? பண்ணிட்டு நாமளே கதவைச் சாத்தி வெச்சா எப்படி டீச்சர்?"

அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எட்டு வயது, அக்கா. எனக்கு அந்தத் துணிச்சல் இன்றும் இல்லை. பிறகு என் வாயிலிருந்து வந்தது என் குரல்தானா என்று தெரியவில்லை: "நம்ம சோதனை தப்பாப் போச்சு. ஏன்னு இவ உண்மையைச் சொல்லிட்டா. மறுபடியும் செய்வோம்."

போகும்போது மதர் சொன்னார்: "கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டுச்சு. இந்தத் தடவை அலமாரிச் சாவி என்கிட்ட இருக்கட்டும். வருஷக் கடைசி வரைக்கும் என்னென்ன விதை வேணும்னு பட்டியல் குடுங்க."

உன் தங்கை


ஜூலை 27

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதம் வந்த அன்றே என் தகரப் பெட்டிக்குள் ஓர் அவரை விதை வைத்தேன். சேலையெல்லாம் கட்டிலுக்கடியில். கம்பெனி விடுதியின் அறைத் தோழிகள், "பெட்டிக்குள்ள மாப்பிள்ளை முளைக்கிறாரா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

இன்று திறந்தேன். நீ சொன்னது சரி. மஞ்சளாக, மெலிந்து, நீளமாக. ஆனால் சாகவில்லை. மூடி சரியாகப் பொருந்தாத பக்கமாகத் தலையை நீட்டியிருக்கிறது.

அதை ஜன்னலில் வைத்துவிட்டேன். இத்தனை நாள் கழித்து வெளிச்சம் பட்டால் பச்சையாகுமா? எத்தனை நாளாகும்? விவரமாக எழுது. இரண்டு வரி போதாது.

உன் நாற்பத்தோராவது மாணவி