பத்திரிகையில் சேகர் பெயர்

நவ. 6, வியாழன்

விடாத தூறல். ஜெர்மனிக்கு வந்ததிலிருந்து சூரியனுக்கு லீவு. கம்பெனி வாங்கிய பழைய பிரஸ் மெஷினைக் கழற்றும் வேலை. போல்ட் ஒவ்வொன்றும் என் மாமியார் மாதிரி, அசைவேனா என்கிறது. எல்லாம் பெட்டி கட்டி ஓசூருக்கு ஏற்றும் வரை இங்கேதான்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் போட்டுச் சமாளிப்பேன். இங்கே மூன்றும் செல்லாது.

ரூமில் நானும் சூப்பர்வைசர் சேகரும். சமையல் என்னுடையது. இருவரும் ஒரே ஊர். அவர் ஊர்த்தெரு, நான் காலனி. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். கம்பெனியில் அவருக்கு நான் முனியா, எனக்கு அவர் சார். எங்கள் வீட்டில் அவர்கள் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. இங்கே வந்த மறுநாளே என் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, "இனிமே சார் வேணாம்ணா, தம்பின்னே கூப்பிடு" என்றார். கூப்பிடுகிறேன். வாய் கூசுகிறது. பிடித்தும் இருக்கிறது.

கார்த்திகையில் மகள் கல்யாணம். பத்திரிகையில் முன்னிலை என்று அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"போட்டுக்கோண்ணா. உன் வீட்டுக்கே வந்து பந்தியில உக்காந்து சாப்பிடறேன்."

ஊருக்கு போன். மகள் நம்பவில்லை. "ஊர்த்தெரு ஆளு பேராப்பா? நம்ம பத்திரிகையிலயா?"

"அவர் வாயால சொன்னார்டி. போடு."

நவ. 8, சனி

கொஞ்ச நேரம் வெயில். பார்த்தவை: பெரிய சர்ச், சின்ன சர்ச், பூட்டிய சர்ச். காபி விலை கேட்டதோடு சரி.

பெரிய சர்ச் வாசலில் இருவரும் ஷூவைக் கழற்றிவிட்டோம். பழக்கதோஷம். தரை ஐஸ். ஒரு கிழவி கையை ஆட்டி மாட்டிக்கொள்ளச் சொன்னாள். தம்பி பின்பக்கம் ஒதுங்கப் பார்த்தார், இழுத்துப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.

சிலுவையில் இருப்பவருக்கு விலா எலும்பெல்லாம் தெரிகிறது. "நம்ம கேன்டீன்ல சாப்பிட்டவர் போல, தம்பி" என்றேன்.

"கம்முனு இருண்ணா. சிரிச்சா வெளிய தொரத்துவான்."

நவ. 9, ஞாயிறு

மறுபடி மழை. மியூசியம். பானை, கத்தி, ராஜா உட்கார்ந்த நாற்காலி. கால் வலி. கடைசி அறையில் நம்ம அம்மன். வெண்கலம், இடுப்பு உயரம். தமிழ்நாடு என்று எழுதியிருப்பதாகத் தம்பிதான் படித்துச் சொன்னார். மாலை இல்லை, குங்குமம் இல்லை. முன்னால் ஒரு கயிறு மட்டும்.

ஊரில் எங்களுக்கு வெளிவாசல்தான். அங்கிருந்து பார்த்தால் அம்மன் முகம் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பொட்டு. இங்கே விரல் நகம்கூடத் தெரிந்தது.

தம்பி ஷூவைக் கழற்றிக் கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் பக்கத்தில் போய்க் கை கூப்பினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"முனியா, கொஞ்சம் தள்ளி நில்லு."

கால் தானாக நகர்ந்துவிட்டது. சுவரோரம் போய் நின்றேன். அவர் சொன்னதைவிட என் கால் செய்ததுதான் எரிகிறது.

வெளியே வந்து அவராகவே, "வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நின்ன, அதான்."

"கண்ண மூடிக்கிட்டுதானே இருந்தீங்க சார்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். சார் என்றதை அவர் கவனிக்கவில்லை.

நவ. 10, திங்கள்

மழை விட்டு, பனி. வேலை பாதி. மத்தியானம் மகளுக்கு போன்.

"அந்த முன்னிலை பேரை எடுத்துடும்மா."

"ஏம்ப்பா?"

"அவருக்கு வேற வேலை வந்துடுச்சு."

"அச்சாகி வந்துடுச்சே. அம்மா நேத்து காலனி முழுக்கக் குடுத்துட்டா. அவர் பேர் போட்டிருக்குன்னு ஊர்த்தெருவுல அவங்க வீட்டுக்கும் கொண்டுபோனா."

"வாங்கினாங்களா?"

"வாசப்படியில வச்சிட்டுப் போகச் சொன்னாங்களாம்."

சேகரிடம் சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து, "பசிக்குதுண்ணா" என்கிறார். அரிசி களையப் போகிறேன்.