தசமப் புள்ளிகளை அழித்தவர் மீது ஒரு புகார்

அனுப்புநர்:
யோ. தபோதரன் (வயது 16),
சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை, கணினி வகுப்பு,
பீலெஃபெல்ட், ஜேர்மனி.

பெறுநர்:
உயர்திரு மகேந்திரராஜா அவர்கள்,
ஒருங்கிணைப்பாளர், கணினி மொழிக் கையேட்டின் தமிழாக்கக் குழு,
டோர்ட்முண்ட்.

பொருள்: ‘தரவு வகைகள்’ பக்கத்தைக் கெடுத்தவர் மீது புகாரும், செல்வி வேணுஜாவின் திருத்தும் உரிமையைத் திரும்ப வழங்கக் கோருதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் இணையக் கையேட்டின் ‘தரவு வகைகள்’ பக்கத்தில் வாழ்ந்துவந்த தசமப் புள்ளிகள் அனைத்தும் கடந்த 10ஆம் திகதி சனிக்கிழமை அகால மரணமடைந்தன. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

1. அப்பக்கத்தைத் திருத்தி வருபவர் எங்களுக்குக் கணினி கற்பிக்கும் வேணுஜா அக்கா. ‘சரம் என்பது ஒரு சொல்’ என்றிருந்ததை ‘சரம் என்பது எழுத்துகளின் வரிசை, அது வெறுமையாகவும் இருக்கலாம்’ என மாற்றியது போன்ற சிறு திருத்தங்கள் அவர் பெயரில் பதிவாகியுள்ளன. அவற்றில் பாதி என் மூளையில் உதித்தவை என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

2. அன்று அக்கா பக்கத்தைத் திறந்தபடி விட்டுத் தொலைபேசியில் பேச வெளியே சென்றார். மிதவை எண்ணுக்கு, அதாவது தசமப் புள்ளியுள்ள எண்ணுக்கு உதாரணமாக, ஒருவரின் உயரம் 1.75 மீற்றர் என்றிருந்தது. எங்கள் ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் அந்த இடத்தில் காற்புள்ளிதான் இட வேண்டும். புள்ளி வைத்தால் புள்ளி குறையும். ஆகவே எல்லாவற்றையும் 1,75 என்ற மாதிரி மாற்றிச் சேமித்தேன். இந்தக் கணினி மொழியோ அதை ஒன்று, எழுபத்தைந்து என இரண்டு தனி எண்களாக வாசிக்கும் என்பது எனக்குத் தெரியாது. மிதக்க வேண்டிய எண்களையெல்லாம் மூழ்கடித்துவிட்டேன்.

3. வாசகர்கள் முறையிட்டதும் தாங்கள் அக்காவின் உரிமையை இரத்துச் செய்து, பங்களிப்பாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரையும் நீக்கினீர்கள். அடுத்த வகுப்பில் அவர், “ஆரடா இதில கை வைச்சது?” என்று கேட்டார். “ஆரும் ஜேர்மன்காரர் செய்திருப்பினம், அக்கா” என்றேன். வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. “வாற வியாழன் எனக்கு டெர்மின். அவையள் இந்தப் பக்கத்தைத்தான் திறந்து பாக்கப் போகினம்” என்று சொல்லிவிட்டுக் கணினியை அணைத்தார். அது அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி இடத்துக்கான நேர்முகத் தேர்வு. விண்ணப்பத்தில் தன் வேலைக்குச் சான்றாக இந்தப் பக்கத்தைத்தான் அவர் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்க என்னால் ஏலாமல் இருக்கிறது.

4. ஆகவே வியாழனுக்கு முன் வேணுஜா அக்காவின் பெயரையும் உரிமையையும் திரும்ப வழங்கி, தடையை என் பெயருக்கு மாற்றித் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். இதன் பிரதியொன்றை இன்று மாலை அவரிடம் நானே கொடுப்பேன்.

அதை அவர் வாசிக்கப்போகிறார் என்பதால் இன்னொன்றையும் எழுத வேண்டியுள்ளது. முதலாம் பத்தியில் பாதி என்னுடையவை என்றேன். பொய், ஐயா. ஒரு சொல்கூட என்னுடையதல்ல. அந்தப் பக்கத்தில் நான் எழுதியவை அந்தக் காற்புள்ளிகள் மட்டுமே.

இடம்: பீலெஃபெல்ட்
திகதி: 19.03.2007

தலைகுனிவுடன்,
யோ. தபோதரன்