எல்லாம் சரிவரும் என்று சொன்ன பிழை

அஜின்கோர்ட்டில் உள்ள எனது சிகிச்சை அறையைக் காலிசெய்து மார்க்கம் நகருக்கு மாறுகிறேன். மேசை லாச்சியை வெளியே இழுத்தபோது அதன் அடியில் எனது பயிற்சி மணித்தியாலங்களைக் குறித்த தாள்கள் கிடந்தன. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் பச்சை மையில் உங்கள் கையெழுத்து. பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குடும்ப சிகிச்சையாளருக்கான லைசென்ஸை எடுக்க நான் பாடுபட்ட நாட்களில் நீங்கள்தான் எனது மேற்பார்வையாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர். வியாழக்கிழமைகளில், என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களின் சம்மதத்தோடு பதிவுசெய்த உரையாடலை இருவரும் இருந்து கேட்போம். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவீர்கள். பிழை சொல்லப்போகும்போது அந்த "அக்கா" கொஞ்சம் மெதுவாக வரும். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மகளும் தாய் தகப்பனும் வந்த பதிவு. தான் விரும்புவது ஒரு பெண்ணை என்று மகள் வீட்டில் சொல்லியிருந்தாள். தாய் விக்கி விக்கி அழுதார். எனக்குத் தாங்கவில்லை. "அழாதேங்கோ அன்ரி, எல்லாம் சரிவரும்" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பதிவை அந்த இடத்திலேயே நிறுத்தினீர்கள்.

"எல்லாம் சரிவரும் எண்டா, இப்ப என்ன பிழைச்சுப் போச்சு, அக்கா?"

மிச்சப் பதிவையும் ஓடவிட்டுக் கேட்டோம். அந்த இடத்துக்குப் பிறகு மகளின் குரலே இல்லை. நான் கவனித்திருக்கவும் இல்லை. இனி வரமாட்டேன் என்று அவள் ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தாள்.

தாயை எழும்பிப் போகவிடாமல் பிடித்துவைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று வாதாடினேன். இப்படியான பிள்ளைகளை இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ளும் சிகிச்சையாளர் என்று இணையப் பக்கத்தில் வேறு போட்டிருந்தேன், வெட்கக்கேடு. நீங்கள் விடவில்லை. மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள், அதுவும் தாய் தகப்பனுக்கு முன்னால் என்றீர்கள். எங்கள் ஆட்களில் எந்தப் பெரியவர் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், பிறகு என்னை யார் மதிப்பார்கள் என்று கத்திவிட்டு வெளியேறினேன்.

ஆனாலும் மகளைத் தொலைபேசியில் கெஞ்சி ஒருமுறை வரச்செய்தேன். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன். உம்மில திருத்த ஒண்டுமில்லை. மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். அவள் தலையாட்டினாள். தாய் என்னையே வெறித்துப் பார்த்தார். அதன் பிறகு மகளும் தகப்பனும் மட்டும் வந்தார்கள். தாயை நான்தான் விரட்டிவிட்டேன் என்று உங்களிடம் எத்தனை தரம் புலம்பியிருப்பேன். நீங்கள் ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னதில்லை.

லைசென்ஸ் கிடைத்த அடுத்த வருடம் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. இன்னும் ஒரு கோபம் இருக்கிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

போன மாதம் அந்தத் தாய் தனியாக வந்தார். மகள் அந்தப் பெண்ணோடு அஜக்ஸில் வீடெடுத்துப் போய் இரண்டு வருடமாம். பேச்சுவார்த்தை இல்லையாம்.

"நீங்கள் அண்டைக்கு என்ர பிள்ளையிட்டை மன்னிப்புக் கேட்டனீங்கள். அது எப்பிடிக் கேக்கிறது எண்டு எனக்கும் சொல்லித் தாங்கோ."

எனக்குத் தெரிந்திருந்தது. உங்களோடு சண்டை பிடித்துத்தான் அதைப் பழகியிருந்தேன். தாய் முதல் வசனத்தை நாலைந்து தரம் என்னிடம் சொல்லிப் பார்த்தார். பிறகு அந்தக் கதிரையிலேயே இருந்து மகளுக்கு அழைப்பெடுத்தார்.