அம்மா உயிரோடு இருப்பதாகச் சொல்ல ஒரு போன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? இங்கே வடக்கே டகோட்டாவில் பனி தொடங்கிவிட்டது, நான் நலம். நீங்களும் உயிரோடு இருக்கிறீர்கள். நேற்று முதல் அரசாங்கமும் அதை ஒப்புக்கொள்கிறது.

உங்களை இறந்தவர் என்று பதிந்து, அரசு மருத்துவக் காப்பீட்டை ரத்து செய்து மருந்தை நிறுத்தினார்கள். உங்கள் ஊர் அலுவலகத்தில் நீங்கள் நேரில் போய் நின்றும், தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்யச் சொன்னார்களே, அங்கேதான் பேசினேன். முன்பு இரண்டு முறை லைனில் காத்திருந்தபோதே என் பழைய போனில் பேசக் கட்டியிருந்த நிமிடங்கள் தீர்ந்துவிட்டன. அதனால் மலிவான ப்ரீபெய்ட் போன் ஒன்று வாங்கினேன். பெட்டியில் போட்டிருந்த ‘அன்லிமிடெட்’ என்பதை நம்பாமல் பொடி எழுத்தையும் படித்தேன். இணையம்தான் ஓர் அளவுக்குமேல் மெதுவாகுமாம், பேச்சுக்கு வரம்பில்லை.

காலை எட்டு மணிக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் வேலையைத் தொடர்ந்தேன். காத்திருப்பவர்களுக்குப் போடும் இசை, திரும்பத் திரும்ப ஒரே பியானோ.

லாரி ஓட்டும் ஆர்லிஸ் எட்டிப் பார்த்தார். “என்னக்கா, இன்னும் அதே பாட்டா? அந்த டப்பா போன் செத்துரப் போகுது.”

“சாகட்டும். எங்கம்மா பிழைச்சப்புறம்.”

நான்கு மணி நேரம் பதினோரு நிமிடம் கழித்து ஒரு பெண் குரல். “மேடம், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். எங்கம்மாவும் இருக்காங்க.”

அரை மணியில் உங்கள் பதிவைத் திருத்திவிட்டாள். ஆர்லிஸ் வெளியே போய் லாரி ஹாரனை விடாமல் அடித்தார்.

அவர்கள் உடனே மின்னஞ்சலில் அனுப்பிய சான்றை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மருந்துக் கடையில் காட்டுங்கள். முடிந்தால் வெண்டைக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் அனுப்புங்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அழைப்பேன். என் நிமிடம் வீணாகும் என்று உடனே வைத்துவிடாதீர்கள். பேச ஒன்றுமில்லை என்றால் போனை அடுப்படியில் வைத்துவிட்டுச் சமையுங்கள். நான் லைனில் இருக்கிறேன்.

ஷிப்டுக்கு மணி அடிக்கிறது.

உங்கள் மகள்,
வெர்லீன்