மேலிருந்து ஊரைப் பார்க்க

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில். வாக்கரின் கைப்பிடி சுடுகிறது. மருத்துவ விடுப்பை இன்னும் ஒரு மாதம் நீட்டித்து எழுதி அனுப்பியாயிற்று. ஸ்கூட்டியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட தமிழ் டீச்சர் இல்லாமல் எட்டாம் வகுப்பு ரொம்ப சந்தோசமாக இருக்கிறதாம். இருக்கட்டும்.

வயது ஐம்பத்திரண்டு. திண்டுக்கல்லில் பிறந்து திண்டுக்கல்லிலேயே வாக்கப்பட்டு, கொடைக்கானலை மொட்டைமாடியிலிருந்து பார்த்ததோடு சரி. இப்போது மொட்டைமாடியும் ஏற முடியாது. மேலே மலை விளிம்பில் ஒரு பாதை உண்டாம். நின்றால் நம்ம சமவெளி மொத்தமும் காலடியில் தெரியுமாம். இம்புட்டு நாள் அண்ணாந்து பார்த்தாயிற்று, ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும். இடுப்பு இதற்கு மேல் தேறுமா, தெரியாது. போனால் இப்போது.

இவரிடம் சொன்னேன்.

"நல்லா நடக்குறப்ப கூப்புட்டேன், வரமாட்டேன்னுட்ட. இப்ப என்னா?"

கூப்பிட்டதே இல்லை. கூசாமல் பொய்.

செப்டம்பர் 10, புதன்

மேகமூட்டம். முட்டைக்கோஸ் பொரியல், உப்பு ஜாஸ்தி (இவர் சமையல்).

ஒட்டன்சத்திரத்து டிராவல்ஸ்காரரிடம் பேசினேன். கார், லாட்ஜ் ரெண்டும் அவர் ஏற்பாடு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "படி இருக்குமா?"

"ஏனுங்க, படியெல்லாம் சுத்தமாக் கெடையாதுங்க. நம்மகிட்ட அந்தப் பழக்கமே இல்லீங்க."

என்ன ஒரு மனிதர்!

நாத்தனார் செல்வியும் வருகிறாள். யாரும் கூப்பிடவில்லை, வருகிறாள். ஸ்வெட்டர் எதிர்வீட்டில் இரவல். துவைக்காமல்தான் திருப்பிக் கொடுப்பாள், பார்த்துக்கொண்டே இரு.

செப்டம்பர் 12, வெள்ளி. கொடைக்கானல்

குளிர். வழியெல்லாம் செல்வி வாந்தி. ஸ்வெட்டர் இனித் துவைத்தே ஆக வேண்டும்.

லாட்ஜ் வாசலில் இறங்கினால் ரோடு மேலே, ரூம் பள்ளத்தில். நடுவே படிகள். எண்ணவில்லை. எண்ணினால் குறையவா போகிறது?

டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டேன்.

"அடடா, ஏறுற படியைக் கேட்டீங்களா? டிரைவருக்குத் தனியாப் படி குடுக்கணுமான்னு கேக்குறீங்கன்னு நெனச்சேனுங்க!"

படிக்கட்டு, நெல் அளக்கும் படி, சம்பளத்தோடு வரும் படி, 'படி' என்னும் ஏவல். ஒரு சொல் பல பொருள். வருசா வருசம் நானே நடத்தும் பாடம். தெரியாத பையன்களைப் பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்து, டிரைவர் ஒரு பக்கம், லாட்ஜ்காரர் ஒரு பக்கமாகத் தூக்கினார்கள். இவர் முன்னால் வழி விலக்கிக்கொண்டே போனார். எதிரே ஏறி வந்த மதுரைக் கும்பலில் ஒருத்தன், "ஏலே, சாமி பொறப்பாடு வருது, ஒதுங்குங்கடா!"

வலது கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். ரூமுக்குள் வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னேன். பாத்ரூம் வாசலில் ஒரு முழ உயரத்துக்குத் திட்டு. அது படி இல்லையாம்.

செப்டம்பர் 13, சனி

காலையில் மறுபடி புறப்பாடு, சேரில். பக்தர் கூட்டம் இல்லை.

விளிம்புப் பாதைக்குப் போனோம். வாசலில் சுற்றும் இரும்புக் கேட். ஒரு ஆள் உடம்பைக் குறுக்கி நுழையலாம். வாக்கர் நுழையாது. அதைத் தாண்டினால் நெடுக இறக்கம். காவல்காரர் நல்லவர்தான். "அவுக பாத்துட்டு வரட்டும், நீங்க செத்த நேரம் இங்கன உக்காருங்கம்மா" என்றார். செத்த நேரம். பொருத்தமான சொல்.

"நானும் போகல" என்றார் இவர். "போங்க, காசு குடுத்தாச்சுல்ல" என்று விரட்டினேன்.

சோள வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெரிந்தது: சோள வண்டி.

இவர் சீக்கிரமே திரும்பி வந்தார். "ஒண்ணுந் தெரியலடி. ஒரே மேகம். நீ வராததே நல்லதாப் போச்சு."

பின்னாலேயே செல்வி, மூச்சு வாங்க. "மதினி! என்னா சுத்தமாத் தெரியுதுங்கிறீக! அந்தா தெரியுற மொட்டப்பாறதான் நம்ம மலைக்கோட்டைன்னு ஒருத்தர் காட்டுனாரு..."

இவர் அவள் காலை மிதித்தார். "ஆமாமா, கொஞ்சம் மேகமாத்தான் இருந்துச்சு" என்றாள். நான் சோளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் சொன்ன பொய்யெல்லாம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. எனக்காகச் சொன்னது இதுதான் முதல். அம்புட்டு மோசமாகவா இருக்கிறேன்?

செப்டம்பர் 16, செவ்வாய். திண்டுக்கல்

தூறல். ஸ்வெட்டர் துவைக்காமலே போயிருக்கிறது. எதிர்வீட்டில் சண்டை.

ஆஸ்பத்திரி. புது எக்ஸ்ரே. டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவரோடு தனியாகப் பேசினார். வெகுநேரம்.

இவர் வெளியே வந்து, "நல்லாக் கூடி வருதாம். பொங்கலுக்கு நடந்துருவியாம்" என்றார்.

நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். மேகம் என்று சொன்னபோது இருந்த அதே முகம்.

"அப்படியா, சந்தோசம்" என்றேன்.

வாசலில் இளநீர் வாங்கித் தந்தார். நான் கேட்காமலே.