பத்து மணி வரைக்கும் சைக்கிள்

மே 14, புதன்

காற்று வந்துவிட்டது. உம்மா கொடியில் போட்ட பெட்ஷீட் ஐந்தும் வேலிக்கு மேல் நீட்டிப் படுத்துக்கொண்டன. களப்புக்கு அந்தப் பக்கம் ஆகாயத்தில் பதினொரு கைட். ஒவ்வொரு பட்டத்தின் கீழும் தண்ணீரில் சறுக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் தொங்குகிறார் என்று நினைத்தால்தான் நம்ப முடிகிறது.

இனி செப்டம்பர் வரைக்கும் எங்கள் சிப்பியடி வேறு ஊர். மீன்பிடிக்கிறவர்கள் காற்று நிற்க வேண்டும் என்று கேட்பார்கள், கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் நிற்கக் கூடாது என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் காற்றும் வேண்டும், வெயிலும் வேண்டும். நாலு கெஸ்ட் ஹவுஸின் பெட்ஷீட்டை உம்மா கழுவுகிறார். காலையில் ஊத்தைத் துணியை எடுத்துவருவதும் பின்னேரம் கழுவினதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான். உம்மாவின் மூத்த மகன், என் நானா, கத்தாருக்குப் போகும்போது விட்டுப்போன சைக்கிள், பின்னால் இறால் பண்ணையில் எறிந்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கட்டியிருக்கிறது.

வாப்பா பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது முகம் சரியில்லை. காலையிலிருந்து ஓட்டோவுக்கு ஒரே ஒரு ஹயர். "அந்த டெனிஷா சந்தியில பன்னெண்டு சைக்கிள வாடகைக்கு அடுக்கி வச்சீக்கிறா. வெள்ளக்காரச் சுத்தாக்கள் எல்லாம் அதில ஏறிப் போறானுகள். நான் ஆர ஏத்துற? மாட்டையா?"

நான் சோறு போட்டேன். வீட்டில் பேச்சு என்னுடைய வேலை இல்லை.

மே 19, திங்கள்

அத்தாஉல்லா மாமாவின் ஓட்டோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சைக்கிளோடு மோதிவிட்டாள். அவள் ஆகாயத்தில் கைட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாளாம். ஓட்டோ நின்றது வளைவில், நிற்கக் கூடாத இடத்தில். அதை ஒருவரும் சொல்லவில்லை. ஓட்டோவின் பக்கக் கண்ணாடி உடைந்தது. அவள் மணலில் விழுந்து, எழும்பி, மன்னிப்புக் கேட்டு, சிரித்து, உடைந்த கண்ணாடியோடு மாமாவையும் வைத்துப் படம் எடுத்தாளாம்.

"விழுந்தவ சிரிக்கிறா, நிண்டவன் அழுறேன்" என்று எங்கள் முற்றத்தில் நின்று மாமா கத்தினார். அவர்தான் ஓட்டோச் சங்கத் தலைவர். பிரதேச சபைக்குப் பெட்டிசம் எழுதி, சைக்கிளை நிறுத்தச் சொல்லப் போகிறார்களாம்.

"எங்கட ஸும்ராட எழுத்து முத்து மாதிரி" என்றார் வாப்பா. என்னைக் கேட்கவில்லை.

மே 21, புதன்

எழுதிக் கொடுத்தேன்.

மாமா கதிரையில் இருக்கவே இல்லை, நடந்து நடந்து சொன்னார். "எழுதுங்க மகள். சுற்றுலாப் பயணிகளின் விலைமதிப்பற்ற உயிரைக் காக்கும் நல்லெண்ணத்துடன் – கண்ணாடியப் பத்தி வாணாம், அது சில்லறைக் கதை – கடற்கரை வீதியில் துவிச்சக்கர வண்டிகளை முற்றாகத் தடைசெய்யுமாறு…"

என் பேனை நின்றது. அந்த வீதி இல்லாமல் நாலு கெஸ்ட் ஹவுஸில் ஒன்றுக்கும் போக முடியாது. சைக்கிள் இல்லாவிட்டால் துணி இல்லை. துணி இல்லாவிட்டால் உம்மாவுக்குக் கழுவ ஒன்றுமில்லை. எனக்கோ அந்தச் சைக்கிள்தான் ஒருவரும் என்னைப் பேசச் சொல்லாத ஒரே இடம்.

வாப்பாவைப் பார்த்தேன். அவருக்கு விளங்கியது. "உன்டது சைக்கிளில்லயே புள்ள. அது உடுப்பு வண்டி" என்றார்.

"எல்லாச் சைக்கிளுமா?" என்று கேட்க இருந்தேன். தொண்டை வரைக்கும் வந்தது. பத்தாம் வகுப்பில் மீலாத் பேச்சுப் போட்டிக்கு மேடையில் ஏற்றியபோதும் தொண்டை வரைக்கும்தான் வந்தது. ஐந்து நிமிடம் நின்றேன், இறங்கினேன், அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடமே போகவில்லை. வீட்டில் இரண்டு நாள் ஏசினார்கள். பிறகு பெட்ஷீட் வந்தது.

"சகல துவிச்சக்கர வண்டிகளையும்" என்று எழுதினேன். 'சகல' என்ற சொல்லைப் போட்டது நான்தான். வசனத்துக்கு அழகாக இருந்தது.

மே 24, சனி

டெனிஷா அக்கா சந்தியில் என் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஓட்டோக்காரருக்கு யாரோ பெட்டிசம் எழுதிக் குடுத்திருக்காம். படிச்ச ஆளாம், கொழும்பு லோயராம். நாங்க விடுறதா? எங்களுக்கு நீ எழுது. உன்ட எழுத்து நல்லம் எண்டு உன்ட உம்மா சொன்னா."

நான்தான் அந்த லோயர் என்று சொல்ல ஒரு வசனம் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒரு சொல் போதும். இரண்டும் வரவில்லை. கடைக்குள் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். அவருடைய புருஷன் யூட் அண்ணன் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டே இடையிடையே சொல் எடுத்துக்கொடுத்தார்.

இது முதலாவதைவிட நன்றாக வந்தது. "ஒரு முச்சக்கர வண்டியும் ஒரு மாடும் எதிரெதிரே வந்தால் மாடுதான் யோசிக்க வேண்டிய அகலமுள்ள இவ்வீதியில்" என்று தொடங்கினேன். காது கிழியும் ஹோன், வளைவில் நிறுத்துதல், எல்லாம் வந்தன. எல்லாம் வாப்பாவிடம் பார்த்தவை. கடைசியில், "முச்சக்கர வண்டிகளை முற்றாகத் தடைசெய்யுமாறு."

வீட்டுக்கு வந்து பேனையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஜூன் 7, சனி

பெருநாள். உம்மா வட்டிலப்பம் செய்து அத்தாஉல்லா மாமா வீட்டுக்கு ஒரு கிண்ணம், டெனிஷா அக்கா வீட்டுக்கு ஒரு கிண்ணம் தந்தனுப்பினார். இரண்டு வீட்டிலும் மற்ற வீட்டாரை ஏசினார்கள். இரண்டு கிண்ணமும் வழித்துத் துடைத்தபடி திரும்பி வந்தன.

ஜூன் 18, புதன்

சபையிலிருந்து கடிதம். ஒன்றல்ல, இரண்டு.

சங்கத்துக்கு வந்ததில், "தங்கள் கோரிக்கை சாதகமாகப் பரிசீலிக்கப்பட்டது." மாமா நிறுத்துமிடத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணியும் பனிஸும் வாங்கிக் கொடுத்தார். டெனிஷா அக்காவுக்கு வந்ததிலும் அதே வசனம். அவர் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, எனக்கு ஒரு பெட்டி பிஸ்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பெட்டிசத்தின் பிரதி.

வாப்பா வீட்டில் இருந்தார்.

பிரதியை வாங்கி வாசித்தார். மெதுவாகத்தான் வாசிப்பார். மாடு வரும் இடத்தில் சிரிப்பு வந்தது, அடக்கினார். பிறகு 'ழ'வில் கண் நின்றது. என் 'ழ'வுக்கு வால் கொஞ்சம் நீளம். பிள்ளைக் காலத்தில் அவர்தான் அப்படிப் பழக்கினார்.

டெனிஷா அக்கா போன பிறகு ஒரே ஒரு கேள்வி. "ரெண்டையும் நீயா?"

தலையை ஆட்டினேன்.

ஜூன் 19, வியாழன்

இப்போது வீட்டில் பேசாதவர்கள் இரண்டு பேர்.

ஜூன் 23, திங்கள்

சபை சொன்னதைச் செய்துவிட்டது. சந்தியில் குறுக்கே இரும்புக் குழாய். ஒரு பலகை: 'துவிச்சக்கர வண்டிகளும் முச்சக்கர வண்டிகளும் உட்செல்லத் தடை. பருவகாலம் முடியும் வரை.' இரண்டு பெட்டிசமும் நியாயமாக இருந்தனவாம், அதனால் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்களாம். வான் போகலாம். வானைப் பற்றி ஒருவரும் பெட்டிசம் எழுதவில்லை.

டெனிஷா அக்கா பன்னிரண்டு சைக்கிளையும் திரும்பக் கடைக்குள் தள்ளினார். மாமா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், கப்பல் போய்விட்டதுபோல.

நான் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, நடந்து போய்த் துணி எடுக்கப் புறப்பட்டேன். நாலு கெஸ்ட் ஹவுஸ், போக வர ஆறு கிலோமீற்றர். காலடி கேட்டது. வாப்பா. ஓட்டோ சும்மாதானே நிற்கிறது.

திரும்பி வரும்போது அவர் தலையில் ஒரு மூட்டை, என் தலையில் ஒரு மூட்டை. ஈரமணல் ஒட்டிய வெள்ளைக்காரர் துணி, கல்லுக் கனம். கெஸ்ட் ஹவுஸ் வான் ஒன்று பின்னால் வந்து ஹோன் அடித்தது. இரண்டு பேரும் பற்றைக்குள் ஒதுங்கினோம். புழுதி அடங்கியதும் வாப்பா மூட்டையைச் சரிசெய்தார்.

"சே! என்னா ஹோனடா அது!" என்றார். கொஞ்சத் தூரம் போய், "ரெண்டாவது பெட்டிசம்தான் நல்லா ஈக்கிது" என்றார்.

"உங்களப் பத்தித்தானே வாப்பா எழுதினது."

"அதான் நல்லா ஈக்கிது."

ஆறு நாளில் நான் அவருடன் பேசிய முதல் வசனம் அது. அவர் என்னோடு பேசியதும் அன்றைக்குத்தான்.

ஜூன் 26, வியாழன்

எங்கள் முற்றத்தில் மாமாவும் டெனிஷா அக்காவும். ஒரே வாங்கில், இரண்டு அந்தத்தில். நடுவில் இன்னும் மூன்று பேர் இருக்கலாம். மூன்றாவது பெட்டிசம், இரண்டு பகுதியாரும் சேர்ந்து. நேரத்தைப் பிரிக்க வேண்டும் என்பதில் ஒற்றுமை, எப்படி என்பதில் இல்லை.

"ஓட்டோ ஹோன் அடிக்கக் கூடாது. முதல் அதப் போடு தங்கச்சி."

"அப்ப சைக்கிள்ள போறவங்க ஆகாயத்தப் பாக்கக் கூடாது! அதயும் போடுங்க மகள்!"

"ஆகாயம் என்ன உங்கட சங்கத்தின்டயா?"

"கண்ணாடி என்டது!"

போட்டேன். இரண்டையும். வானையும் ஓட்டோவோடு சேர்த்தேன், அதற்கு மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் ஓம் என்றார்கள். நேரத்துக்கு வந்ததும் மறுபடி சண்டை. சைக்கிள் எட்டு மணி வரைக்கும் என்றார் மாமா, பன்னிரண்டு என்றார் அக்கா. கடைசியில் களைத்துப்போய் மாமா, "நீங்களே ஒரு நேரத்தப் போடுங்க மகள், எங்களுக்குத் தல சுத்துது" என்றார்.

வாப்பா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

காலை ஆறிலிருந்து பத்து வரை சைக்கிள். பத்திலிருந்து பின்னேரம் நாலு வரை ஓட்டோவும் வானும். நாலிலிருந்து பொழுது பட்டு மஃரிப் வரை மறுபடி சைக்கிள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கீழே கையெழுத்து வைக்கும்போது ஒருவரும் வாசிக்கவும் இல்லை.

ஜூலை 9, புதன்

சபைக் கந்தோருக்கு எல்லாரும் போனோம். நான் வாப்பாவுக்குப் பின்னால், தூணுக்கும் பின்னால்.

செயலாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "நேரப் பிரிப்பு நல்லது. சைக்கிள் எத்தனை மணி வரை? இந்த இடத்தில் தேத்தண்ணி கொட்டியிருக்கிறது" என்றார். மாமா டெனிஷா அக்காவைப் பார்த்தார். அக்கா வாப்பாவைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியாது. மாமா "எட்டு" என்று வாயைத் திறந்தார்.

"பத்து மணி" என்றேன்.

என் குரல் என்று விளங்க எனக்கே ஒரு நொடி எடுத்தது. செயலாளர் எழுதிக்கொண்டார். மேடையில் ஐந்து நிமிடம் நின்று வராதது.

வீட்டுக்கு வரும் வழியில் வாப்பா, "பத்து எண்டு எப்பிடிக் கணக்குப் போட்ட?" என்றார்.

"கெஸ்ட் ஹவுஸில ஒம்பது மணிக்குத்தான் கட்டில் துணி கழட்டுறாங்க வாப்பா."

அவர் நடப்பதை நிறுத்தினார். "அப்ப நாலு மணி?"

"அப்பதானே கொடியில காயும்."

ஜூலை 24, வியாழன்

பலகை மாறி இரண்டு வாரம். எழுத்துக்காரர் என் வசனத்தை ஒரு சொல் மாறாமல் எழுதியிருக்கிறார், 'ஆகாயத்தைப் பார்த்தல் ஆகாது' உட்பட. வெள்ளைக்காரர்கள் அதன் கீழ் நின்று படமெடுக்கிறார்கள். பத்துக்கு முன் அவர்கள் சைக்கிள் எடுக்க வேண்டும் என்று டெனிஷா அக்கா விடியற்காலை ரொட்டி விற்று அவர்களை எழுப்புகிறார். வரும் மாதம் தலவில கோயில் திருவிழாவுக்கு மாமாவின் ஓட்டோவில்தான் போகப் போகிறாராம்; விலை பேசும் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

இன்று துணி எடுத்துக்கொண்டு திரும்பினேன். குழாய்க்கு அந்தப் பக்கம் ஏழு ஓட்டோ, ஒரு வான், எல்லாம் எஞ்ஜினை நிறுத்திக்கொண்டு. முன்னால் வாப்பா. ஹோன் அடிக்கவில்லை, பலகையில் அதுதான் முதலாம் பிரிவு. கைக்கடிகாரத்தை மட்டும் விரலால் தட்டிக் காட்டினார்.

ஒன்பது ஐம்பத்திரண்டு.

இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. நான் அவசரப்படவில்லை.