ஆடியில் வந்த சிராவணம்

ஆடி மாதம், வெள்ளி இரவு.

அக்காவுக்கு மணப்பெண் அலங்காரம்தான் தொழில். அவளுடைய பழைய டச் போனில் கல்யாணத் தேதிகளைப் போட்டுவைப்பது என் வேலை. திரை பாதி செத்துவிட்டது. ஒவ்வொரு தேதியையும் கெஞ்சித்தான் தொட வேண்டும். அலுப்புத் தீர ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் பெயருக்குப் பதில் ஒரு பட்டப்பெயர் போடுவேன்: ‘மூக்குத்தி மகாராணி’, ‘பவுடர் டப்பா’.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்காரர்கள், சிராவணம் முதல் வெள்ளி மலைக்கோயிலில் கல்யாணம் என்றார்கள். சிராவணம் என்றால் நம் ஆவணிதானே, ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள் என்று ஆவணி முதல் வெள்ளியில் போட்டுவிட்டேன். இன்று காலை போன் வந்தது.

“பொண்ணு உக்காந்துகினு கீது, நீங்க எங்கங்க?”

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடினாள். அதற்குள் அத்தைக்காரியே பெண்ணுக்குப் பவுடர் பூசி மணையில் உட்கார வைத்துவிட்டாளாம். இனி நகரிப் பக்கம் யார் கூப்பிடுவார்கள்?

“தெலுங்குக்காரங்களுக்கு மாசம் முன்னாடியே பொறக்கும்னு இந்த ஊர்ல யாருக்குடா தெரியாது? இதுவும் உன் வெளையாட்டா?”

இல்லை என்றேன். அக்கா நம்பவில்லை. விளையாட்டாக இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன்.

சாப்பிட்டதும் பட்டப்பெயர்களை எல்லாம் அழித்து நிஜப்பெயர்களைப் போட்டேன். விரல் வலிக்கிறது. இப்போது அக்கா போனைத் தடவிக்கொண்டு கேட்கிறாள்:

“டேய், மூக்குத்தி மகாராணி எங்கடா? எனக்கு அவங்க நெஜப்பேரு தெரியாதுடா.”

மறுபடியும் அந்தத் திரையைக் கெஞ்சப் போகிறேன்.